நடுங்கும் பொறி

சைகை விளக்குக்காக நிற்கும் மகிழுந்தில் ஓட்டுநரின் கால் முடுக்கியை விட்டு விலகியிருக்கும். எனினும் பொறி அணையாமல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். பணிமனைகளில் ‘ஐட்லிங்’ எனப்படும் இந்நிலையில், நான்கு சிலிண்டர் பெட்ரோல் பொறி பொதுவாக நிமிடத்திற்கு 700 முதல் 900 முறை சுழலும். சுழற்சி சீராக இருக்கும்வரை அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஸ்டியரிங் நடுங்கி, இருக்கை அதிர்ந்து, பொறி நின்றுவிடுமோ என்னும் ஐயம் எழும்போதுதான் கவனம் அதன்மேல் திரும்புகிறது. உடனே ஸ்பார்க் பிளக், காயில், உணரி என ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவோர் பலர். பணம் கரையும், நடுக்கம் நீங்காது. காரணம் அறியாமல் செய்யும் பழுதுபார்ப்பு, சூதாட்டத்தினின்று அதிகம் வேறுபட்டதன்று.

நான்கு வீச்சுப் பொறியில், ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. பொறி நிமிடத்திற்கு 800 முறை சுழன்றால், நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து 1600 எரிதல்கள் நிகழும். ஒரு சிலிண்டர் மட்டும் எரியத் தவறினால், ஒவ்வொரு நான்காவது துடிப்பும் விடுபட்டுத் தாளம் குலையும். இதனையே மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பர்.

எனவே முதலில் எழுப்ப வேண்டிய வினா, குறை ஒரு சிலிண்டரில் உள்ளதா, எல்லாவற்றிலும் உள்ளதா என்பதே. இக்கால மகிழுந்துகளில் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, டேஷ்போர்டின் அடியில் 16 முனைகள் கொண்ட இணைப்பான் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைப் பொருத்தினால், பொறியின் கணினி பதிந்து வைத்துள்ள குறியீடு தெரியும். ‘பி0301’ என்பது முதல் சிலிண்டரையும் ‘பி0302’ என்பது இரண்டாவதையும் குறிக்கும். ‘பி0300’ எனில் குறை ஒரே சிலிண்டரில் நிலைகொள்ளவில்லை எனலாம். குறியீடு இடத்தைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

காரணத்தை அறியச் செலவில்லா வழி ஒன்று உண்டு. பொறியை அணைத்து ஆறவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றிப் பொருத்த வேண்டும். குறியீடு பி0302 என மாறினால் காயிலே பழுது. மாறாமல் நின்றால் பிளக்கைக் கழற்றி அதன் முனையை நோக்க வேண்டும். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த கரி, எரிபொருள் மிகுந்திருப்பதைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு, எரியறைக்குள் எண்ணெய் கசிவதைக் காட்டும். பிளக்கும் நன்றாக இருந்தால் இன்ஜெக்டரையும், இறுதியில் சிலிண்டரின் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். வால்வு சரியாக மூடாவிடில் எத்தனை புதிய பிளக்குகள் மாட்டினாலும் பயனில்லை.

எல்லாச் சிலிண்டர்களும் தடுமாறினால் காற்றுக்கசிவை ஐயுற வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவை. உள்ளே செல்லும் காற்றை ஓர் உணரி அளக்கிறது. கணினி அதற்கேற்ப எரிபொருளை விடுகிறது. உணரியைக் கடந்தபின் உள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், கணக்கில் வராத காற்று புகுந்து கலவை நீர்த்துவிடும். ஐட்லிங்கில் பொறி இழுக்கும் காற்றே குறைவு. ஆதலால் சிறு கசிவும் பெரும் பங்காகிறது. முடுக்கியை மிதித்ததும் காற்று பெருக, கசிவின் பங்கு சுருங்கி நடுக்கம் தணியும். வலுவிழந்த காயிலோ இதற்கு மாறாக, மேட்டில் ஏறும்போதுதான் அதிகம் தடுமாறும். ‘உஸ்’ என்னும் ஒலி கசிவைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. கேட்காவிடில் பணிமனையில் உள்ளே புகையைச் செலுத்தி, அது வெளிவரும் இடத்தைக் கண்டறிவர். த்ராட்டில் வால்வில் படிந்த கரியும் இத்தகைய நடுக்கம் தரும். அதைத் துப்புரவு செய்தாலே போதும்.

எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தால் தேடலைத் தள்ளிப்போடலாகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று வினையூக்கி மாற்றியில் எரிந்து, அதை மிகையாகச் சூடாக்கிச் சிதைக்கும். சில நூறு ரூபாய்ப் பிளக்கைப் புறக்கணித்தவர், பல ஆயிரம் ரூபாய் இழக்க நேரும்.

சில வேளைகளில் பொறியின் ஒலி சீராக இருக்கும்; வண்டி மட்டும் அதிரும். அப்போது பார்க்க வேண்டியது பொறியைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை. அவை கிழிந்திருந்தால், நலமான பொறியின் இயல்பான அதிர்வும் தணியாமல் இருக்கை வரை வந்து சேரும்.