அப்பா வருகிறார், அருகில் ஒரு நாய்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் காலைப் பொழுதில் நிற்போர், கடலையே நோக்கியிருக்கும் நாய்களைக் கண்டிருப்பர். வள்ளம் கரை சேர்ந்தால் அவற்றுக்கு மீன் கிடைக்கும். காத்திருப்பின் காரணம் அவ்வளவே. தந்தையின் வரவுக்குக் காத்திருக்கும் குடும்பத்தோடு ஒரு நாயையும் சேர்த்து வரைந்தவர், இதே மாவட்டத்துக் கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவி வர்மா.

1893-இல் அவர் தீட்டிய அந்தத் தைல வண்ண ஓவியத்தின் பெயர் ‘அதோ அப்பா வருகிறார்’. அவருடைய மகள் மகாபிரபா குழந்தையை ஏந்தி நின்று, வருபவரைச் சுட்டிக் காட்டுகிறார். அருகில் வீட்டு நாய். வருகின்ற தந்தையோ ஓவியத்தில் இல்லை! அவ்வாண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற அவருடைய பத்து ஓவியங்களுள் இதுவும் ஒன்று.

இந்த நாய் ஐரோப்பிய ஓவிய மரபிலிருந்து வந்ததென்றே நாம் கருதுகிறோம். 1434-இல் யான் வான் எய்க் வரைந்த அர்னோல்பினி தம்பதியரின் காலடியில் சிறு நாயொன்று நிற்கிறது. அதனை இல்லற உறுதியின் அடையாளம் என்பாரும், செல்வர் வீட்டுச் செல்லப்பிராணி மட்டுமே என்பாரும் உளர். 1840-களில் லாண்ட்சியர் வரைந்த விண்ட்சர் கோட்டைக் காட்சியில், வேட்டையிலிருந்து திரும்பிய ஆல்பர்ட் இளவரசரை நாய்கள் சூழ்ந்திருக்க, விக்டோரியா அரசியார் அருகில் நிற்கிறார். மூத்த மகளும் உடனிருக்கிறாள். அங்கே இல்லம் என்றால் இதுவே.

கேரளத்தில் அன்று பல குடும்பங்களில் நிலைமை வேறு. மருமக்கள்தாய முறையில் குழந்தைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். சொத்தும் தாய்வழியே இறங்கும். நிர்வாகம் தாய்மாமன் கையில். தந்தை பல வீடுகளில் வந்து போகும் விருந்தினரே. ரவி வர்மாவும் ஓவியத்தின் முதற்பாடத்தைத் தாய்மாமன் ராஜ ராஜ வர்மாவிடம்தான் கற்றார். அத்தகைய மரபில் வந்தவர் ஒரு தாயையும் குழந்தையையும் அப்பாவின் வழிபார்த்து நிற்க வைத்தது சிறு செயலன்று.

கதை அத்துடன் முடியவில்லை. 1895-இல் மகாபிரபாவுக்குப் பிறந்த சேது லட்சுமி பாய், திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துச் சென்றார். இளைய மன்னரின் சார்பாக அவர் ஆட்சி நடத்தியபோதுதான், 1925-இல், தறவாட்டுச் சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்த நாயர் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்ப முறையையே நீக்கும் கேரளச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டது.

இன்று வங்கிப் படிவங்களில் தந்தை பெயருக்கான கட்டத்தை எவரும் யோசியாமல் நிரப்புகின்றனர். ஆயினும் இவ்வட்டார முதியோர் சிலர், முகவரி எழுதுகையில் வீட்டுப் பெயரையே முதலில் எழுதுவதை நாம் காண்கிறோம்.