பிரம்பால் ஆகாதது



ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கிறார். பின் வரிசையிலிருந்து ஒரு குயில் கூவுகிறது. வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. ஆசிரியர் திரும்பிப் பார்த்தால் குயிலையும் காணோம், கூவியவனையும் காணோம். இந்தக் காட்சியை அறியாதவர் உங்களில் ஒருவரும் இருக்கமாட்டீர்கள். உங்களுள் சிலர் அந்தக் குயிலாகவே இருந்திருக்கவும் கூடும். அதைப் பற்றி இப்போது நான் விசாரணை செய்யப் போவதில்லை. இத்தகைய பிள்ளைகளை நெறிப்படுத்துவதற்கு அடியும் ஏச்சும் அல்லாத வழிகள் உண்டா என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஆசிரியர்களிடம் சொல்ல வேண்டியதை மாணவர்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. சற்றுப் பொறுத்தால் விளங்கும்.

'அடியாத மாடு படியாது' என்பது நம் நாட்டார் வழக்கு. மாட்டுக்குச் சொன்னதை மனிதக் குழந்தைக்கும் பொருத்திவிட்டோம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் என்று ஒரு தண்டனை இருந்தது. பையனை மேலே கட்டிய கயிற்றைப் பற்றித் தொங்கவிட்டு, கீழிருந்து அடிப்பார்கள். கோதண்டம் போய்ப் பிரம்பு வந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வருத்துவதையும் தடை செய்துவிட்டது. சட்டம் பிரம்பைப் பிடுங்கிவிட்டது. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதைச் சட்டத்தால் சொல்ல இயலாது. அதை வகுப்பறைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் என் வகுப்பிலும் ஒரு குயில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு. அவனைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் முன்னால் அழைத்துக் கையை நீட்டச் சொன்னேன். அவன் கையை நீட்டிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாலை வாங்கிக்கொள்ள வரும் தலைவரைப்போல் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நீட்டினான். நான்கு அடி வாங்கிக்கொண்டு இடத்திற்குத் திரும்பும்போது நண்பர்கள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். மறுநாள் குயில் இருமுறை கூவிற்று. அடி குறைவாக இருந்திருக்கும் என்று நினைத்து அடுத்த முறை கூட்டிக் கொடுத்தேன். கூவலும் கூடிற்று. நான் தண்டனை என்று எண்ணிக் கொடுத்தது அவனுக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் மேட்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1968ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரு முதல் வகுப்பில் பிள்ளைகள் அடிக்கடி எழுந்து நிற்கிறார்கள். ஆசிரியைகள் 'உட்கார், உட்கார்' என்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'உட்கார்' என்பதை இன்னும் பன்மடங்கு கூட்டிச் சொல்லும்படி ஏற்பாடு செய்து, எழுந்து நிற்பவர்களை எண்ணினார்கள். உட்காரச் சொல்லச் சொல்ல, நிற்பவர் தொகை ஏறிற்று! சொன்னவுடன் ஒவ்வொரு குழந்தையும் உட்காரத்தான் செய்தது; அதனால் ஆசிரியைகளுக்குத் தங்கள் சொல் பலிக்கிறது என்றே தோன்றிற்று. ஆனால் எழுந்தால்தான் ஆசிரியை நம்மைப் பார்க்கிறார் என்று குழந்தைகள் கண்டுகொண்டிருந்தன. உட்கார்ந்து வேலை செய்யும் குழந்தைகளைப் பாராட்டத் தொடங்கிய பிறகு, நிற்பது தானாகவே குறைந்தது.

அதே ஆண்டில் மேட்சன், பெக்கர், தாமஸ் என்னும் மூவர் மற்றோர் ஆய்வையும் வெளியிட்டனர். வகுப்பு விதிகளை எழுதி வைப்பது, சிறு குறும்புகளைக் காணாததுபோல் விடுவது, நற்செயலைப் பாராட்டுவது என்னும் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். விதிகளை மட்டும் எழுதி வைத்ததால் பயன் மிகக் குறைவு. பாராட்டும் சேர்ந்தபோதுதான் வகுப்பு மாறிற்று. நம் பள்ளிச் சுவர்களில் எத்தனை விதிகள் வண்ண எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்!

இங்கே நம்மவர்க்கு ஒரு தடை உண்டு. பிள்ளையை நேரே புகழ்ந்தால் கண்ணேறு படும், தலைக்கனம் ஏறும் என்று நம் பெரியோர் அஞ்சுவர். வெறும் புகழ்ச்சி வேண்டாம் என்ற அளவில் அந்த அச்சம் சரியே. 'நீ மிகவும் கெட்டிக்காரன்' என்பது பாராட்டே அன்று. அதைக் கேட்ட பையன் மறுமுறை எதைச் செய்வது என்று அறியான். 'இன்று மணி அடிப்பதற்குமுன் நோட்டைத் திறந்துவிட்டாயே, நல்லது' என்பது பாராட்டு. செய்த செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும், உடனே குறிப்பிட வேண்டும், மெய்யாகவும் இருக்க வேண்டும். பொய்ப் பாராட்டை உங்களைப்போல் விரைவில் மோப்பம் பிடிப்பவர் யாரும் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் மற்றொருவனை அடிக்கிறான் என்றால் அதைக் காணாததுபோல் விடலாகாது. குயிலை விடலாம்; குத்துச்சண்டையை விட முடியாது.

இனி, உங்களிடம் இதைச் சொல்ல வந்த காரணத்துக்கு வருகிறேன். என் வகுப்பில் அந்தக் குயிலுக்குக் கூலி கொடுத்தவன் நான் மட்டும் அல்லன். சிரித்த பிள்ளைகள் அனைவரும் கொடுத்தார்கள். என் பிரம்பைவிட அவர்கள் சிரிப்பு வலிமை மிக்கது. ஆகவே வகுப்பையே கருவியாகக் கொள்ளாமல் ஒரு பையனை மட்டும் திருத்துவது அரிது. இதை உணர்ந்து ஒரு விளையாட்டை அமைத்தனர் பேரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் என்னும் மூவர். 1969இல் அது அச்சில் வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர். அவர்களில் 7 பேர்மீது தலைமையாசிரியரிடம் ஓயாமல் புகார். வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்தார்கள். இடம்விட்டு எழுந்தாலோ, அனுமதியின்றிப் பேசினாலோ அவருடைய அணிக்குப் பலகையில் ஒரு கோடு. கோடு குறைந்த அணிக்கு வெற்றி. இரு அணிகளும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் நின்றால் இரண்டுக்கும் வெற்றி. பரிசு என்ன? முதலில் வரிசையில் நின்று உணவுக்குப் போவது, நாளின் முடிவில் அரைமணி நேரம் விருப்பமான வேலை செய்வது, இவை போன்றவையே. பணச் செலவு இல்லை. கணக்கு வேளையில் சிறு சிறு கால அளவுகளாகப் பிரித்துக் கவனித்தபோது, விளையாட்டுக்கு முன் நூற்றுக்கு 96 அளவுகளில் ஏதேனும் ஒரு குரல் எழுந்தது. விளையாட்டு வந்தபின் அது 19 ஆகச் சுருங்கிற்று.

இந்த விளையாட்டின் பயன் அன்றோடு முடியவில்லை. பால்ட்டிமோர் நகரத்தில் 1985இல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்து, அவர்கள் 19 முதல் 21 வயது அடையும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வகுப்பில் முரட்டுத்தனம் மிகுந்திருந்த ஆண்பிள்ளைகளிடையே, இதை விளையாடியவர்கள் போதைப் பழக்கத்தில் வீழ்ந்தது குறைவாக இருந்தது. ஆறு வயதில் ஒரு கரும்பலகைக் கோடு செய்த வேலை அது.

எனினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த 24 பேரிலேயே இருவர் வேண்டுமென்றே தம் அணிக்குக் கோடு சேர்த்தார்கள். அவர்களை அணியிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்ட பிள்ளையின் கதை என்ன என்பதே என் மனம் நாடும் கேள்வி. பட்டினியோடு வருபவனும், வீட்டில் அடிபட்டு வருபவனும் கோட்டுக்கு அடங்குவானா? இதற்கு விடை தேடினால் அமெரிக்காவைவிட்டுப் போலந்து நாட்டிற்குப் போக வேண்டும்.

வார்சா நகரத்தில் யானுஷ் கோர்ச்சாக் என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். அவர் 1912 முதல் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்னும் அம்மையாரோடு நடத்தினார். தெருவில் வளர்ந்த முரட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே வந்தனர். கோர்ச்சாக் அவர்களிடம் பந்தயம் கட்டுவார். 'இந்த வாரம் எத்தனை சண்டை போடுவாய்?' 'ஐந்து.' 'நான்கோடு நிறுத்த முடியுமா?' வென்றால் மிட்டாய். சான்று கேட்பதில்லை, பையன் சொன்னதே கணக்கு. சண்டையே கூடாது என்று அவர் கட்டளையிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று குறைந்தால் அதுவும் வெற்றி.

பந்தயத்தைவிடப் பெரியது அங்கே நடந்த குழந்தைகள் நீதிமன்றம். அந்த வாரம் தம்மீது வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி நீதிபதிகளாக எடுப்பார்கள். அடித்தவன்மீது அடிபட்டவன் வழக்குப் போடலாம். அந்த மன்றத்துக்குக் கோர்ச்சாக் எழுதிய சட்டநூலில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பையோ விடுதலையையோ பற்றியவை. 100ஆம் பிரிவுக்கு மேல்தான் குற்றம் கூறப்படும். 400 என்றால் கடுங்குற்றம். 1000 என்றால் இல்லத்தைவிட்டு விலக்கல். அடி என்ற தண்டனை அதில் இல்லை. இந்த மன்றம் தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் அதை ஏளனம் செய்தார்கள்; ஒரு கட்டத்தில் கோர்ச்சாக் சில வாரம் அதை நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. மறுபடி தொடங்கியபோது, பிள்ளைகள் ஆசிரியர்கள்மீதும் வழக்குத் தொடரலாம் என்ற விதியைச் சேர்த்தார்.

விதியைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. தாமே மன்றத்தின் முன் நின்றார். அரை ஆண்டில் ஐந்து முறை! ஒரு பையனைக் காதில் அறைந்தது, ஒருவனைப் படுக்கையறையைவிட்டு வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு நீதிபதியை இழிவாகப் பேசியது, ஒரு சிறுமியைத் திருடி என்று ஐயுற்றது ஆகியவை அவர்மீதிருந்த வழக்குகள். மென்மையின் வடிவம் என்று நாம் எண்ணும் அவருக்கும் கை நீண்டிருக்கிறது. ஆனால் நீண்ட கைக்கு அவர் சிறுவர்களிடம் தீர்ப்புக் கேட்டார். 1942 ஆகஸ்டு மாதத்தில் நாஜிப் படையினர் ஏறக்குறைய இருநூறு குழந்தைகளை டிரெப்ளிங்காக் கொலைக்களத்துக்குக் கொண்டுசென்றபோது, தப்பிக்க வழி இருந்தும் கோர்ச்சாக் அக்குழந்தைகளோடேயே போனார்.

என் குயிலின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. அடிக்கு அவன் அடங்காததால், தகப்பனாரை அழைத்து வரச் சொன்னேன். கூலி வேலையை விட்டுவிட்டு அவர் வந்தார். நான் சொல்வதை முழுதும் கேட்கவில்லை; என் முன்னிலையிலேயே மகனைக் கன்னத்தில் அறைந்தார். அதற்கு வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கியபோது, அவன் அருகில் உட்கார்ந்திருந்த பையன் ஒரு செய்தி சொன்னான். அவனுக்குக் குயில் மட்டுமல்ல, செம்போத்து, மீன்கொத்தி, தவிட்டுக்குருவி எல்லாவற்றின் குரலும் வருமாம். விடியுமுன் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டானாம். நான் அந்த வகுப்புக்குக் கற்பித்த பாடம் இயற்கை அறிவியல். ஒருநாளேனும் அவனை முன்னால் நிறுத்தி, 'எங்கே, கூவிக் காட்டு' என்று நான் கேட்டதில்லை.

கோர்ச்சாக்கின் சட்டப் பிரிவுகளை முதன்முதல் படித்த இரவு, அவற்றை நீதிபதியாக இருந்து நான் படிக்கவில்லை; குற்றவாளியாக இருந்துதான் படித்தேன். அந்தப் பையன் என்மீது வழக்குத் தொடுத்திருந்தால் அவனோடு படித்த ஐந்து பிள்ளைகள் எனக்கு எந்த எண்ணை எழுதியிருப்பார்கள்? நூற்றுக்குக் கீழே ஏதேனும் ஒன்றை எழுதுவார்கள் என்று நம்ப ஆசையாக இருந்தது. பிறகு நெடுங்காலம் அந்த ஊர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அவனை விசாரித்தேன். குடும்பத்தோடு பிழைக்கப் போய்விட்டான் என்றார்கள். எங்கே என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.