பிக்கப் வாகனத்தின் புகைபோக்கி: அளவும் அமைப்பும்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் உலு திராம். செம்பனைத் தோட்டங்களும் தொழிற்கூடங்களும் உள்ள இவ்வட்டாரத்தில் பிக்கப் வாகனம் அன்றாட உழைப்புக் கருவியாகும். அதன் புகைபோக்கி துருவேறி ஓட்டை விழும்போது, ஆலையில் செய்த உதிரிப்பாகத்தை வாங்கிப் பொருத்தலாம். பட்டறையில் அவ்வாகனத்திற்கெனப் புதிதாகக் கட்டவும் செய்யலாம். இரண்டாம் வழிக்கு அடிப்படையான அறிவியலை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பேச்சுவழக்கில் முழு அமைப்பையும் ‘எக்சோஸ்’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது பல உறுப்புகளின் தொடர். எஞ்சினின் ஒவ்வோர் உருளையிலிருந்தும் வரும் எரிவளிகளை ஒன்றுசேர்ப்பது பன்குழல். நச்சு வளிகளின் தீமையைக் குறைப்பது வினையூக்கி மாற்றி. ஓசையைத் தணிப்பது ஒலியடக்கி. எஞ்சியவற்றை வெளியே விடுவது வால்குழாய்.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது குழாயின் விட்டம். 2 அங்குல விட்டத்தை 2.5 அங்குலமாக்கினால், விட்டம் கால் பங்குதான் கூடுகிறது. குறுக்குவெட்டுப் பரப்போ 56 விழுக்காடு கூடுகிறது. பரப்பு விட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். டர்போ பொருத்திய டீசல் எஞ்சினில், டர்போவுக்குப் பின்னுள்ள தடை குறைவது நன்மை தரும். டர்போ இல்லாத எஞ்சினில் குழாய் அளவுக்கு மீறி அகன்றால், எரிவளியின் வேகம் தளர்ந்து, குறைந்த சுழற்சியில் இழுவிசை குன்றும். எனவே, பெரிய குழாயே சிறந்தது என்பது பிழையான முடிவு. வளைவுகளும் கருதத்தக்கவை. நசுங்கி வளைந்த குழாய் அவ்விடத்தில் குறுகி ஓட்டத்தைத் தடுக்கும். உள்ளே தாங்கு அச்சு வைத்து வளைத்தால் விட்டம் மாறாது.

அடுத்தது உலோகம். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. குறுந்தொலைவு ஓட்டங்களில் அது குளிர்ந்து ஒலியடக்கியினுள் தங்கிவிடும். துரு பெரும்பாலும் உள்ளிருந்து தொடங்குவது இதனால்தான். ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு இதனை நன்கு தாங்கும். துத்தநாகம் பூசிய நீர்க்குழாயை மலிவு கருதிப் பயன்படுத்தலாகாது. பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை, பணியாளருக்குக் காய்ச்சலை உண்டாக்கும்.

சூடேறிய உலோகம் நீளும். மூன்று மீட்டர் நீளமுள்ள அத்தகைய எஃகுக் குழாயின் வெப்பநிலை 300 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீளும். ஆகவே குழாயை அடிச்சட்டத்துடன் இறுகப் பிணைக்காமல் ரப்பர்த் தொங்கல்களில் தாங்கச் செய்வர். எஞ்சினின் அதிர்வை ஏற்க, நெளியும் இணைப்பு ஒன்றையும் இடையில் வைப்பர். பிக்கப் வாகனத்திற்கு மற்றொரு கவனமும் தேவை. பாரம் ஏற்றும்போது பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். வெறும் வண்டியில் மட்டும் அளந்து பொருத்திய குழாய், பாரம் ஏறியதும் அச்சில் மோதும். எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய்கள், அடியில் தொங்கும் மாற்றுச் சக்கரம் ஆகியவற்றிலிருந்தும் போதிய இடைவெளி வேண்டும். எனவே, முதலில் புள்ளிகளாகப் பற்றவைத்து, பொருத்திப் பார்த்து, பிறகே முழுமையாகப் பற்றவைப்பர்.

இறுதியாக, எதனை நீக்கலாகாது என்பதையும் அறிய வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை 2012ஆம் ஆண்டில் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியது. வினையூக்கி மாற்றியையோ துகள் வடிகட்டியையோ அகற்றினால், வாகனத்தின் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரும் சாலையோரம் நடக்கும் பிள்ளையும் அதன் விலையைச் செலுத்துவர். இணைப்புகளில் கசிவு இருந்தால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு ஓட்டுநர் அறைக்குள் புகக்கூடும். ஓசைக்கும் மலேசியாவில் சட்ட வரம்பு உண்டு. 1987ஆம் ஆண்டிலேயே மோட்டார் வாகன ஒலி பற்றிய விதிமுறைகள் வகுக்கப்பட்டன.

உரத்த ஓசை வலிமைக்குச் சான்றன்று. பரப்பளவு, வெப்ப விரிவு, வேதிவினை என வகுப்பறையில் கற்பவை அனைத்தும் ஒரு பட்டறையின் தரையில் ஒன்றுகூடுகின்றன. அவற்றைத் தமிழிலேயே எண்ணவும் கணக்கிடவும் பழகும் மாணவர், கைத்தொழிலையும் அறிவியலையும் வேறு வேறாகக் கருதமாட்டார்.