ஒரகடம் வாடகை வீடுகள்: பதிவாவது அக்ரிமென்ட்டா, வீடா?

"வாடகை பத்தாயிரம், அட்வான்ஸ் ஒரு லட்சம், அக்ரிமென்ட் பதினோரு மாசம்." ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வீடு தேடியவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். பல இடங்களில் அந்த அக்ரிமென்ட்கூட வாயோடு சரி. புரோக்கர் சாவியைக் கொடுப்பார், ஜிபேயில் அட்வான்ஸ் போகும், வேலை முடிந்தது. காலி செய்யும் நாளில் "பெயின்ட் அடிக்கணும், குழாய் மாத்தணும்" என்று கணக்குச் சொல்லும்போதுதான், கையில் ஒரு காகிதமும் இல்லை என்பது உறைக்கும்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவரப்பட்ட, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017. அது 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது.

11 மாசம்னா பதிவு வேண்டாமா?

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் இந்த 11 மாதக் கணக்கு. ஆனால் 2017 சட்டம் வேறு. அது மாதக் கணக்கு பார்ப்பதில்லை. எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவதும் கட்டாயம். அரசின் டெனன்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டு ஓனர்தான் போக வேண்டும் என்றில்லை, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். பதிவானால் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும்.

பதியவில்லை என்றால்? அந்த ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்ட முடியாது. ஒப்பந்தம் போடாததையே காரணமாகக் காட்டி ஓனர் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றம் போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது. போடாமல் இழுத்தடித்தது ஓனரே என்றாலும், பெட்டியைக் கட்டப்போவது வாடகைக்கு இருப்பவர்தான்.

அட்வான்ஸ் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் அதே வரியில், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய என்றும் சேர்த்திருக்கிறது. அதாவது பத்தாயிரம் ரூபாய் வீட்டுக்கு ஒரு லட்சம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டால், முப்பதாயிரம் வரம்பைப் பேச இடமில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதன் விலை எழுபதாயிரம்!

ஒரு ரூம், எட்டு பேர்

இதுவரை சொன்னது ஒரு குடும்பமோ, ஒரு இன்ஜினீயரோ தனி வீடு எடுக்கும் கதை. இந்தத் தொழில் வழித்தடத்தின் அசல் வாடகைச் சந்தை அது இல்லை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் டிரெய்னிகளும் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் தங்குகிறார்கள். ஒப்பந்தம் ஓனருக்கும் லேபர் கான்ட்ராக்டருக்கும் இடையில். உள்ளே படுப்பவரின் பெயர் எதிலும் இல்லை.

சட்டமும் இவர்களை ஒதுக்கியே வைத்திருக்கிறது. நிறுவனம் தனக்குச் சொந்தமான இடத்தை வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக ஊழியருக்கு வாடகைக்குக் கொடுத்தால், 2017 சட்டம் பொருந்தாது. லாட்ஜ் வகையறாவும் வெளியே. தவிர, இது நகர்ப்பகுதிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம். இங்கே புதுசு புதுசாக எழும்பும் மாடிகளில் பலவும் ஊராட்சி எல்லைக்குள் இருக்கின்றன. பெண்கள் விடுதிகளுக்கு 2014-ம் ஆண்டு தனிச் சட்டம் உண்டு, உரிமம் கட்டாயம். ஆனால் வீடாகக் கட்டி விடுதியாக நடத்தும் இடத்தை யார் போய் எண்ணுவது?

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. பூந்தமல்லி அருகே விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அறைகளில் எத்தனை பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பதே அதன் பிறகுதான் வெளியில் பேசப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ₹706.50 கோடியில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கை வளாகம் திறக்கப்பட்டது. பெரிய விஷயம்தான். ஆனால் அது பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்கானது. மற்ற கம்பெனிகளின் கான்ட்ராக்ட் ஆட்கள் இன்னமும் அந்த மாடி ரூம்களில்தான்.

வீட்டையே பதிந்தால்?

வேல்ஸ் நாட்டில் 2015 முதல் வீட்டை வாடகைக்கு விடும் ஓனர், தன் பெயரையும் வீட்டையும் அரசிடம் பதிய வேண்டும். குடியிருப்பவர் மாறினாலும் பதிவு நிற்கும். நம்மூர்ப் பதிவு இரண்டு பேருக்கு இடையிலான காகிதம். காகிதம் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. வீட்டைப் பதிந்தால், எத்தனை அறை, எத்தனை கழிப்பறை, எத்தனை பேர் என்று கேட்கலாம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. எட்டு பேர் ரூமில் நான்கு பேருக்குத்தான் அனுமதி என்று வரம்பு வைத்தால், மீதி நான்கு பேர் அன்று இரவு எங்கே போவார்கள்? தலைக்கு வாடகை இரட்டிப்பானால் யார் கொடுப்பது? படுக்கைகளைக் கூட்டாமல் பதிவை மட்டும் கடுமையாக்கினால் அடி விழுவது தொழிலாளிக்குத்தான்.

இன்னொன்று. "ஆதார் ஜெராக்ஸ் போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்தாச்சு, பதிவாயிடுச்சு" என்று ஓனர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். வேளச்சேரி என்கவுன்ட்டருக்குப் பிறகு 2012-ல் சென்னை போலீஸ் கேட்க ஆரம்பித்த வாடகைதாரர் விவரம் போன்றது அது, பாதுகாப்புக்கானது. அட்வான்ஸ் திரும்ப வராவிட்டால் அந்தப் படிவம் உதவாது. ஓனரிடம் கேட்க வேண்டியது வாடகைப் பதிவு எண்.