நெல்லின் ஈரமும் அளப்போர் வேற்றுமையும்

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் கண்மாய் நீரால் விளையும் நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் ஈரத்தின் பொது வரம்பு 17 சதவிகிதமாகும். ஒரே நெல்லை ஒருவர் 16.6 என்றும் மற்றொருவர் 17.4 என்றும் அளப்பின், குடியானவர் மூட்டையைத் திருப்பிச் சென்று மீண்டும் உலர்த்த நேரிடும். ஆதலின் கருவியைப் போலவே அளப்போரையும் சோதித்தல் அவசியம்.

இதற்கு அமெரிக்கராகிய ஷூஹார்ட் என்பவர் 1924-ஆம் ஆண்டில் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் உதவும். இருபது நெல் மாதிரிகளைக் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொன்றையும் இருவரும் ஒரே கருவியால், ஒருவர் கணக்கை மற்றவர் பாராமல் அளக்க வேண்டும். மாதிரிதோறும் காணும் வித்தியாசத்தைக் கட்டக் காகிதத்தில் வரிசையாகப் புள்ளியிடுக. வித்தியாசங்களின் சராசரியை 3.27-ஆல் பெருக்கினால் மேல் எல்லை கிடைக்கும். உதாரணமாக, சராசரி 0.4 ஆயின் எல்லை ஏறக்குறைய 1.3 ஆகும். எல்லையைத் தாண்டிய புள்ளி தோன்றின், பதர் நீக்காமை, சரியாகக் கலக்காமை முதலிய காரணங்களைத் தேடுக.

எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள் இருப்பினும், தொடர்ந்து எட்டு மாதிரிகளில் ஒருவர் அளவே கூடுதலாயின், இருவர் முறையும் ஒன்றல்லவென்று அறிக. அப்போது அதே நெல்லை அடுப்பில் முற்றும் உலர்த்தி, எடைக் குறைவைக் கணக்கிட்டால், எவர் அளவு சரியென்பது விளங்கும். கிராம அதிகாரிகளும் மிராசுதார்களும் அறுவடைக்கு முன்னரே இச்சோதனையைச் செய்விப்பது நலம்.