முகப்பிலிருந்து முற்றத்துக்கு

கட்டடக்கலை முதலாமாண்டில் எனக்குக் கட்டடம் என்றால் அதன் முகம்தான். தாளை விரித்ததும் எலிவேஷனைத்தான் வரைவேன். தெருவில் போகிறவர் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. அறைகளை அந்த முகத்துக்குப் பின்னால் பிறகு அடுக்கிக்கொள்வேன்.

அந்த ஆண்டு ஸ்டூடியோவில் கொடுத்த வேலை, சென்னையில் சிறுவர்களுக்கு ஒரு நூலகம். சாலை மேற்கே இருந்ததால் மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கினேன். ஜூரிக்கு வந்த ஆசிரியை ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏப்ரல் மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு இந்த மேசையில யாரும்மா உட்கார்ந்து படிப்பாங்க?" பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரமே அதுதான். நான் அவர்களை நினைக்கவே இல்லை.

இப்போது நான்காமாண்டு. சைட்டுக்குக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் போகிறேன். நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடிட்டு வருகிறேன். வெயிலின் பாதையைக் கணினியே காட்டிவிடும். ஆனாலும் வெறுங்காலில் தரையை மிதித்தால்தான் வெக்கை தெரிகிறது. வடக்குச் சுவரில் வெயில் படாது என்றுதான் முன்பு நம்பியிருந்தேன். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது; ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கும். அதனால் இன்று என் வடக்குச் சன்னல்களுக்கும் சன்ஷேட் உண்டு.

இந்த மாற்றம் இரண்டு பயணங்களில் வந்தது. முதலாவது, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை அளவெடுத்து வரைந்தது. டேப்பின் ஒரு முனை என்னிடம், மறுமுனை தோழியிடம். முகப்பு, முற்றத்தைச் சூழ்ந்த வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு நீண்டுகொண்டே போனது. தெருவில் கால் வைக்க முடியாத உச்சிவெயிலில், வளவின் தாழ்வாரத்தில் விசிறி இல்லாமலே வேலை செய்தோம். செக்‌ஷன் என்ற குறுக்குவெட்டை வரைந்தபோது காரணம் பிடிபட்டது. முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, நிழலில் கிடந்த காற்று அந்த இடத்துக்கு நகர்கிறது. உள்நோக்கிச் சரிந்த ஓடுகள் மழையையும் முற்றத்துக்கே கொண்டுவருகின்றன. அன்றிலிருந்து நான் முதலில் வரைவது செக்‌ஷனைத்தான்.

இரண்டாவது, திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையம். பூச்சில்லாத செங்கல், ஜாலிச் சுவர்களில் புகுந்து வரும் காற்று. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் 'ராட் ட்ராப்' முறையை இந்தியாவில் பரப்பியவர் அவர். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெக்கையையும் தடுக்கும். அதுவரை சுவரை நான் இரண்டு கோடுகளாகத்தான் வரைந்திருந்தேன். இன்று அந்தக் கோடுகளுக்கு இடையில் எத்தனை செங்கல், யார் கூலி, எவ்வளவு வெப்பம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இந்த ஆண்டு விடுமுறையில் அந்தப் பழைய நூலகத்தையே மீண்டும் எடுத்தேன். மேற்கே படிக்கட்டும் கழிப்பறையும் வெயிலைத் தாங்கிக்கொள்கின்றன. படிக்கும் இடம், பிற்பகல் கடற்காற்று வரும் கிழக்குக்கு மாறிவிட்டது. நடுவில் சின்ன முற்றம். அதில் விழும் மழை கிணற்றுக்குப் போகிறது. தெருவோரம் திண்ணை.

முன்பெல்லாம் மாடலில் மனித உருவத்தைக் கடைசியில், அழகுக்காக ஒட்டுவேன். இம்முறை முதலில் வைத்தது, உட்கார்ந்து படிக்கும் ஒரு சிறுமியை. சன்னல் விளிம்பை வழக்கமான மூன்றடியில் வைத்திருந்தேன். வெளியே இருக்கும் வேப்பமரம் அவள் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டடிக்கு இறக்கினேன்.

எலிவேஷனை இன்னும் வரையவில்லை. அந்தச் சன்னல் மட்டும் அதில் எங்கே வரும் என்று தெரியும்.