பொருந்தினால் மட்டும் போதாது

வேகம் குறைந்துபோன கணனியை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றைக் கொள்வனவு செய்வதா, அல்லது அதன் புரொசசரை மட்டும் மாற்றிக்கொள்வதா என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுந்துள்ளது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டதும், விண்டோஸ் 11 பழைய புரொசசர்கள் பலவற்றை ஏற்க மறுப்பதும் இக்கேள்வியை அவசரமானதாக்கியுள்ளன.

இதற்கான விடை, புரொசசர் அமரும் சொக்கட்டிலும் அது பொருத்தப்பட்டுள்ள மதர்போட்டிலுமே பெரிதும் தங்கியுள்ளது. மின்சாரமும் தரவுகளும் சொக்கட்டின் தொடுமுனைகள் வழியாகவே புரொசசரைச் சென்றடைகின்றன. 1990களின் நடுப்பகுதியில் சொக்கட் 7 இல் இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் புரொசசர்களும் பொருந்தின. 1997இல் பென்டியம் 2 உடன் இன்டெல் தனிவழி சென்றது. 1999இல் ஏ.எம்.டி.யும் தனக்கென வேறு அமைப்பைக் கொண்டுவந்தது. அன்று பிரிந்த பாதைகள் பின்னர் ஒன்றுசேரவில்லை.

இதன் விளைவை 2017ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டில் வெளிவந்த இன்டெல்லின் எட்டாம் தலைமுறைப் புரொசசர்கள், முன்னைய இரு தலைமுறைகளைப் போன்றே 1151 தொடுமுனைகளைக் கொண்டிருந்தன. பழைய சொக்கட்டில் அவை அமர்ந்தன, ஆனால் இயங்கவில்லை. மின்வழங்கல் தேவை மாறியமையே காரணம் என இன்டெல் விளக்கமளித்தது. ஏழாம் தலைமுறைக் கணனி வைத்திருந்தோர் மதர்போட்டையும் மாற்ற வேண்டியவராயினர். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே இன்டெல் புரொசசர்களை ஏற்பதால் அவர்களது நிலை மேலும் இறுகியுள்ளது.

மறுபுறத்தில், அதே ஆண்டில் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போட்டை வாங்கியோரில் பலர், பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்து, 2022இல் வெளிவந்த புரொசசரைக்கூடப் பொருத்த முடிந்தது. இச்சலுகையும் தானாகக் கிடைத்ததல்ல. 2020 மே மாதத்தில் 400 தொடர் மதர்போட்களுக்கு அடுத்த தலைமுறைப் புரொசசர்களில் இடமில்லை என அறிவித்த அந்நிறுவனம், பாவனையாளரின் எதிர்ப்பை அடுத்து அதே மாதத்திலேயே தனது முடிவை மாற்றிக்கொண்டது.

எனவே, புரொசசரை மாற்ற எண்ணுவோர் தொடுமுனைகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பலாகாது. மதர்போட் தயாரிப்பாளர் தமது இணையத்தளத்தில் வெளியிட்டுள்ள பொருந்தும் புரொசசர்களின் பட்டியலையும், அதற்கு வேண்டிய பயோஸ் பதிப்பையும் முதலில் பார்த்தல் வேண்டும். பழைய புரொசசர் இயங்கும்போதே பயோஸைப் புதுப்பித்துக்கொள்வது அவசியம். பிந்தினால் புதியது உயிர்பெறாது போகலாம். நினைவகத்தின் வகையும் கவனிக்கப்பட வேண்டியது. ஏ.எம்.5 சொக்கட் டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும்.

சிறுகச் சிறுகச் சேமித்து கணனி வாங்கும் குடும்பங்களுக்கு, இன்றைய வேகத்தைப் போலவே நாளைய மாற்றத்துக்கான வழியும் முக்கியமானதாகும். பணத்தைக் கொடுக்குமுன், இந்தச் சொக்கட்டில் அடுத்து எதனைப் பொருத்தலாம் என்று விற்பனையாளரிடம் கேட்பது நமது உரிமை என்பதை நாம் மறந்துவிடலாகாது.